கழற்றிக் காட்டாத தலை

சேமஸ் ஆரன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் மகளிடமிருந்துதான். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'மெட்ராய்ட்' என்னும் வீடியோ விளையாட்டின் நாயகி அவள். ஆனால் விளையாடத் தொடங்குபவருக்கு அவள் பெண் என்பதே தெரியாது. தலை முதல் கால்வரை கவசம். கூடவே வந்த ஆங்கிலக் கையேடும் சேமஸை ஆண்பாலில்தான் குறிப்பிட்டது. ஆட்டத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால் கடைசிக் காட்சியில் தலைக்கவசம் இல்லாமல், நீண்ட கூந்தலோடு நிற்பாள். இன்னும் வேகமாக முடித்தால் உடல் கவசமும் போய்விடும். அதைவிட வேகமாக முடித்தால் நீச்சலுடைதான் மிஞ்சும். நன்றாக ஆடியவருக்குக் கிடைக்கும் பரிசு, ஒரு பெண்ணின் உடை குறைவது.

"ஆனா ஆட்டம் பூரா சண்டை போட்டு ஜெயிக்கிறது அவங்கதானம்மா" என்றாள் மகள். அவளுக்குப் பதினான்கு வயது. பள்ளியின் அறிவியல் விழாவுக்கு அறிவியல் புனைகதை மாந்தர் ஒருவராக வேடமிட்டு வரவேண்டும். சேமஸின் சிவப்புத் தலைக்கவசம் ஆயத்தமாக விற்கிறது, 9,000 ரூபாய்க்கு மேல். நான் ஒதுக்கியது 600 ரூபாய்.

வீட்டிலேயே செய்வதற்கு வழிகள் இருக்கின்றன. கெட்டி அட்டையில் அச்சிட்டு வெட்டி ஒட்டும் வார்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. செருப்பு அடிப்பாகத்துக்குப் பயன்படும் ஈவா ஷீட்டை வெட்டி, சூடுகாட்டி வளைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. நாங்கள் பார்த்த வார்ப்புகள் எல்லாம் கிராப்புத் தலைக்கானவை. பின்மண்டையை ஒட்டி இறங்கிவிடுகின்றன. என் மகளுக்கு இடுப்புவரை முடி. பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டால் அந்த அட்டைக்குள் தலை போகாது.

"கொஞ்சம் முடியை வெட்டிட்டா சரியாப் போயிருமே" என்றார் என் கணவர். "வேஷத்துக்காக வெட்ட மாட்டேன்ப்பா. வெட்டணும்னு தோணுச்சுன்னா எனக்காக வெட்டிக்கிடுதேன்" என்றாள் மகள். ஆக, கவசம்தான் பெரிதாக வேண்டும்.

வழி சொன்னது அம்மா. "ஏட்டி, சொளவு மெழுகுத மாதிரிதான இது? இதுக்கா ஒம்பதாயிரம்?" என்றாள். எங்கள் பக்கத்தில் சுளகின் இடுக்குகள் அடைபடவும், சீக்கிரம் பிய்ந்துபோகாமல் இருக்கவும் காகிதத்தை ஊறப்போட்டு வெந்தயத்தோடு சேர்த்தரைத்துப் பூசுவார்கள். வெந்தயத்தின் கொழகொழப்பு கூழை இறுகப் பிடிக்கும். கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. அம்மாவின் கைக்கு அது ஐம்பது வருடப் பழக்கம். யாரும் அதைக் கைவினை என்று சொன்னதில்லை.

காகிதத்துக்குப் பரணில் ஏறினேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பழைய வரைவுகள் இரண்டு கட்டு இருந்தன. தலைப்பு கேசாதிபாத வருணனை பற்றியது. பெண்ணின் கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை உறுப்பு உறுப்பாகப் பாடிக்கொண்டு போகும் மரபு அது. நான்கு வருடம் அதில் கிடந்திருக்கிறேன். ஆணின் முடிக்குக் குஞ்சி, குடுமி என்று தமிழில் தனிச்சொற்கள் உண்டு. பெண்ணின் முடிக்கோ கூந்தல், குழல், ஓதி, அளகம், ஐம்பால் என்று நீண்டுகொண்டே போகும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை வைத்து எழுந்த திருவிளையாடல் கதையில், பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று இறைவனும் நக்கீரரும் சபையில் வாதிடுகிறார்கள். நெற்றிக்கண் திறக்கும் அளவுக்கு வாதம் முற்றுகிறது. அந்தக் கூந்தலை உடையவள் ஒருத்தியையாவது கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கங்களைத்தான் துண்டு துண்டாகக் கிழித்து இரண்டு ராத்திரி ஊறவைத்தோம்.

அச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம். கவிழ்த்துப் போட்டு பாலிதீன் தாளைச் சுற்றினோம். குடத்தின் வயிறு கொண்டையோடு சேர்ந்த தலைக்குத் தாராளம். அரைத்த கூழை ஒட்டப் பிழிந்து, விரல் தடிமனுக்கு வயிறுவரை அப்பினோம். வயிற்றைத் தாண்டினால் காய்ந்த பிறகு கழற்ற வராது. முதல் நாளே வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று அம்மா இரண்டு நாள் நிழலில் வைத்தாள், பிறகு இரண்டு நாள் வெயில். காய்ந்ததும் மேலே மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாள் கீற்றுகள் மூன்று அடுக்கு. தாடைப் பகுதிக்குப் பழைய அட்டைப்பெட்டி. முகப்பைக் கட்டர் கத்தியால் அறுத்தெடுத்து, பச்சை நிற இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலை வெட்டிப் பொருத்தினோம். அதன் வளைவே கண்ணாடிக்குப் போதும். மூச்சுக்காற்றில் பாட்டில் மங்காமல் இருக்க மூக்குக்குக் கீழே ஆறு துளைகள். தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு பூச்சு கொடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பு ஸ்பிரே அடித்தோம். உள்ளே அம்மாவின் பழைய நூல்சேலை மடிப்பு மடிப்பாக. மொத்தச் செலவு 570 ரூபாய். அதில் பாதிக்கு மேல் பெயிண்ட்.

ஒத்திகை முடிந்து வந்த அன்று மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பொறுப்பாசிரியர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: மேடை நடுவில் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பி, முடியை விரித்துவிட வேண்டும். கைதட்டல் அள்ளிக்கொண்டு போகுமாம். அந்தக் காட்சி நமக்குப் புதியதா என்ன? பைக்கில் ஒருவர் வந்து நிற்பார், ஹெல்மெட் கழலும், கூந்தல் காற்றில் பறக்கும், நாயகன் வாய் பிளப்பான். எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்! ஓட்டி வந்தவளின் திறமையை அந்த நொடியே எல்லோரும் மறந்துவிடுவார்கள். டார்த் வேடராகவும் அயர்ன் மேனாகவும் வந்த பையன்கள் யாரையும் கழற்றச் சொல்லவில்லை.

"கழட்டணுமாம்மா?" என்று கேட்டாள்.

"உள்ள இருக்கது உன் தலை. நீதான் சொல்லணும்" என்றேன். பதில் சொல்லாமல் தட்டை இழுத்துக்கொண்டாள்.

விழாவன்று சிவப்புக் கவசத்தோடு மேடைக்கு வந்தாள். சேமஸ் யார் என்பதை நான்கு வாக்கியங்களில் சொன்னாள். கூழுக்குள்ளிருந்து குரல் சற்று கம்மலாக வந்தது. தொகுப்பாளர், "முகத்தைக் காட்டும்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். மகள் வலது கையை உயர்த்தி ஒருமுறை அசைத்துவிட்டு நடந்து போய்விட்டாள். கைதட்டல் சுமார்தான். பரிசும் இல்லை.

இரவு கேட்டேன், உள்ளே எப்படி இருந்தது என்று. "சூடு. ஒரே வெந்தய வாடை. ஆனா யாரும் என்னையப் பாக்க முடியலைம்மா. நான் எல்லாரையும் பாத்தேன்" என்றாள். பெண்ணை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தவர்களின் பாட்டுகளைத்தான் என் ஆய்வேட்டில் தொகுத்திருந்தேன். பார்க்கப்பட்டவள் திரும்பிப் பார்த்ததற்கு அதில் ஓர் அத்தியாயமும் இல்லை, ஏனென்றால் அந்த மரபில் அவளுக்கு அந்த வேலை கொடுக்கப்படவே இல்லை.

காகிதக்கூழ்க் கவசம் யாரையும் விபத்திலிருந்து காப்பாற்றாது. அதனால் அசல் கவசம் பற்றியும் பேசியாக வேண்டும். எங்கள் ஊர்ச் சாலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஓட்டும் ஆண் ஹெல்மெட் போட்டிருப்பார். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில் மல்லிகைப்பூ இருக்கும். அவள் மடியில் இருக்கும் பிள்ளையின் தலையில் அதுவும் இருக்காது. எங்கள் வீட்டிலும் தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. ஓட்டுகிறவர் தலைக்கு அபராதம் என்ற ஒரு பயமாவது உண்டு. பின்னால் இருப்பவள் தலையை அலங்காரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். வண்டி சறுக்கினால் தார்ச்சாலைக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மகளும் நானும் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். "லேடீஸுக்கா மேடம்?" என்று பூப்போட்ட ரோஸ் நிறத்தை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தலைச்சுற்றளவும்தான் வேண்டும் என்றேன். எனக்கு 580 மில்லிமீட்டர், மகளுக்கு 560. கொண்டை உச்சியில் இருந்தால் கவசம் மண்டையில் சரியாக அமராது, தாழப் பின்னலிட்டால் அமரும். இரண்டுக்கும் சேர்த்து 2,300 ரூபாய்.

"பின்னால உக்காருதவளுக்கு எதுக்கு இவ்வளவு?" என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. எங்கள் தலையும் அதே சாலையில்தான் போகிறது என்று சொன்னேன். அத்துடன் பேச்சு நின்றது.

அம்மாவுக்கு வேறு கவலை. "பூ நசுங்குமேட்டி" என்றாள். "நசுங்கட்டும்மா" என்றேன். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கவசத்தை என் தலையில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, சரத்தைப் பின்னலின் அடியில் கழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டால் நசுங்காது என்று அவளே வழி கண்டுபிடித்தாள்.