சபூர் என்பது மௌனமா?



நோயிலும் இழப்பிலும் மேற்கொள்ள வேண்டிய சபூர் வேறு; நமக்குச் சேர வேண்டியதைக் கேட்கத் தயங்கி வாய்மூடி இருப்பது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஜமாஅத்தார் சிலருடன் மேற்கொண்ட உம்ரா பயணம் இவ்வேறுபாட்டைச் சிந்திக்க வைத்தது.

போடிநாயக்கனூரிலிருந்து ஜித்தா செல்வோர் பலர் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு வழியாகக் கொச்சி விமான நிலையத்தை அடைவர். மூடுபனியும் மண்சரிவும் எப்போது வழிமறிக்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே ஃபஜ்ரு தொழுத கையோடு புறப்பட்டு, இரவு ஒன்பது மணி விமானத்துக்கு மாலையிலேயே போய்ச் சேர்ந்தோம். பெட்டிகளை ஒப்படைத்து, ஆண்கள் இஹ்ராம் துணி உடுத்திய பின்னரே, தொழில்நுட்பக் கோளாறு காரணமாக விமானம் அதிகாலை நான்கு மணிக்குத்தான் புறப்படும் என அறிவித்தனர். முதியோரும் சர்க்கரை நோயுள்ள பெண்களும் இருக்கைகளில் சாய்ந்து கிடந்தனர். உணவைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

"ஹஜ்ரத், போய்க் கேட்டுத் தகராறு ஆகிவிட வேண்டாம். நாம் அல்லாஹ்வின் விருந்தாளிகள். சபூர் செய்வோம்" என்றார் பெரியவர் ஒருவர். அவரது அச்சம் நியாயமானதே. ஹஜ்ஜுடைய நாள்களில் வீண் தர்க்கத்தைத் திருமறை (2:197) தடுக்கிறது. ஆயினும், கடன் கொடுத்த ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கடுமையாகப் பேசித் திருப்பிக் கேட்டபோது, சினமுற்ற தோழர்களைத் தடுத்து, உரிமை உடையவருக்குப் பேச இடமுண்டு என அண்ணலார் உணர்த்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. கடுமையாகக் கேட்டவருக்கே அந்த இடம் உண்டென்றால், பணிவாகக் கேட்பதில் என்ன குற்றம்?

பணிவாகவே கேட்டோம். அரை மணி நேரத்தில் உணவு வந்தது. தங்கும் அறை மட்டும் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியபின் அதைக் குறித்து எழுத்தில் முறையிட்டோம்.

நாம் கேட்டது சலுகையன்று. இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010ஆம் ஆண்டிலேயே இதற்கு விதி வகுத்துப் பின்னர் திருத்தியும் உள்ளது. அதன்படி, ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமாயின், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் தங்குமிடமும் உண்டு. இந்தியா 2009இல் இணைந்த மான்ட்ரியல் உடன்படிக்கை, தாமதத்தால் நேர்ந்த நட்டத்துக்கு ஈடு கோர வழி செய்கிறது. பெட்டி சேதமுற்றால் ஏழு நாள்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கடும் வானிலை போன்று நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு விதியில் விலக்கு உண்டு. போடிமெட்டுப் பனியை அறிந்த நமக்கு இது புரியாததன்று. பயணியும் உரிய நேரத்தில் வந்து பதிவு செய்திருக்க வேண்டும். பயணச்சீட்டு என்பது ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்று கூறும் வாடகை ஒப்பந்தமே. அது இரு தரப்பையும் கட்டும். 'அல்மாயிதா' அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதானே தொடங்குகிறது! ஏலக்காய் எடையில் ஒரு கிலோ குறைந்தாலும் கேட்டுப் பெறும் ஊர் நம்முடையது. ஆண்டுக்கணக்கில் சேமித்த பணத்தில் வாங்கிய பயணச்சீட்டுக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

ஆகவே, உம்ராவுக்குச் செல்லும் குடும்பத்தார் பயணச்சீட்டு, போர்டிங் பாஸ், தாமதம் குறித்து வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் செவிசாய்க்காவிடில் மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் முறையிடலாம். முகப்பில் நிற்கும் ஊழியரும் களைத்த ஒரு மனிதரே. அவரிடம் குரலை உயர்த்தாதீர்கள். சபூர் நம் நாவின் தன்மையில் இருக்கட்டும். கேட்பதைக் கைவிடுவதில் வேண்டாம்.

வல்ல ரஹ்மான் நம் பயணங்களை இலகுவாக்கி, பிறர் உரிமையைப் பேணி நம் உரிமையையும் கண்ணியமாகக் கேட்போராக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.