நாள்தோறும் ஓடும் வண்டிக்கு எத்தனை குதிரை?

ஓசூரில் பிறந்து வளர்ந்தவர்க்கு மோட்டார் வண்டி வியப்புக்குரிய பொருளன்று, அஃது ஊர்ப்பேச்சு. பிறவூர்களில் இருவர் சந்தித்தால் மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசுவர். எம்மூரில் ஷிப்டு முடிந்து வெளியே வருவோர் வண்டியைப் பற்றியே பேசுவர். இதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் சிறு மொபெட் எம்மூர்த் தொழிற்சாலையிலிருந்தே புறப்பட்டது. ஐம்பது கன சென்டிமீட்டரும் நிரம்பாத அவ்யந்திரத்தின்மீது கணவனும் மனைவியும், அவர்க்கு நடுவே ஒரு குழந்தையும், காலடியில் ஒரு மூட்டையுமாகச் சென்ற காட்சியைத் தமிழ்நாடு முழுதும் கண்டிருக்கின்றது. ஏறக்குறைய அக்காலத்திலேயே அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் இங்கு எழுந்தது. மின்சார வண்டிகளின் காலம் வந்தபின் ஏத்தர் ஓசூருக்கும், ஓலா போச்சம்பள்ளிக்கும் வந்து சேர்ந்தன. இத்தனை யந்திரங்களுக்கு நடுவே வளரும் இளைஞர் ஒரு வண்டியைக் கண்டவுடன் அதன் விலையைக் கேட்பதில்லை, “பவர் எவ்வளவு?” என்றே கேட்பர்.

அவ்வினாவுக்கு விடை சொல்வது எளிது. தொழிற்சாலையார் அச்சிட்டுத் தரும் தாளிலேயே அது காணப்படும். “எவ்வளவு போதும்?” என்று கேட்டால் மட்டும் எம்மூரில் ஒருவரும் விடை கூறார். வேகத்துக்கென்று திருத்தி அமைத்த ஒரு வண்டியை, பந்தயத்துக்கன்றி நாள்தோறும் வேலைக்குப் போய்வரவும் தாயை ஏற்றிச் செல்லவும் வைத்துக்கொள்பவனுக்கு எத்தனை குதிரைச்சக்தி ஏற்றது? சென்ற ஆண்டு முழுவதும் எம் வீட்டில் நடந்த வழக்கு இதுவே.

என் தமையனார் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கின்றார். ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாக நாள்தோறும் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியிலுள்ள பாட்டி வீட்டுக்குச் செல்வார். அவர் தம் சேமிப்பையெல்லாம் திரட்டி வாங்கியது பழைய டியாகோ ஜே.டி.பி. ஒன்று. அவ்வண்டியின் பெயரை அறியாதார் பலர் இருப்பர். ஆதலின் அதன் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும்.

டாட்டா நிறுவனமும், பந்தய வண்டிகள் அமைப்பதில் பெயர்பெற்ற கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் கூடி உருவாக்கிய வண்டி அது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் டியாகோ, டிகோர் என்னும் இரு வடிவங்களில் வெளிவந்தது. சாதாரண டியாகோவின் பெட்ரோல் யந்திரம் 85 குதிரைச்சக்தியும் 114 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. கோவையார் அதை எடுத்துவிட்டு, நெக்ஸான் வண்டிக்குரிய டர்போ யந்திரத்தை வைத்தனர். வன்மை 114 குதிரைச்சக்தியாயிற்று. ஆயின் அம்மட்டில் அவர்கள் நிற்கவில்லை. வண்டியைச் சிறிது தாழ்த்தி ஸ்பிரிங்குகளை இறுக்கினர். அகன்ற டயர்களைப் பூட்டினர். கியர் விகிதங்களையும் மாற்றினர். 2020 ஏப்ரலில் பாரத் நிலை ஆறு என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தபின் அவ்வண்டி தொடர்ந்து வரவில்லை. இருப்பவை சிலவே, அவற்றை வைத்திருப்பவர் அவற்றின்மேல் கொள்ளும் பற்று பெரிது.

என் தமையனார்க்கு 114 போதவில்லை. பெங்களூரில் ஒரு பட்டறைக்காரர் யந்திரத்தை ஆளும் கணிப்பொறியின் கட்டளைகளை மாற்றி எழுதி, அதாவது ரீமேப் செய்து, 140-க்கு ஏற்றித் தருவதாக விலைச்சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். “வேண்டாம், அண்ணா” என்று யான் சொன்னபோது, “நீ செய்யுள் படிக்கிறவன்; உனக்கு டர்போவைப் பற்றி என்ன தெரியும்?” என்றார். செய்யுள் படிப்பவனுக்குப் பெருக்கல் வகுத்தல் மறந்துபோவதில்லையே! ஆதலின் கணக்குப் போடலானேன்.

75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு வேண்டும் வன்மையே இவ்வண்டிகளின் தாள்களில் ஒரு குதிரைச்சக்தி எனக் குறிக்கப்படுவது. ஒரு சிறு கார் சமவெளியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓடுங்கால், காற்றின் எதிர்ப்பையும் சக்கரங்களின் உராய்வையும் வெல்வதற்கு வேண்டுவது ஏறக்குறைய பத்துக் குதிரைச்சக்திதான். 120 கிலோமீட்டரில் ஓடினும் இருபத்தைந்துக்கு மேற்படாது. எஞ்சிய தொண்ணூறு குதிரைகளும் லாயத்தில் நின்று கொள் தின்றுகொண்டிருக்கின்றன என்றே கொள்ளலாம். இக்கணக்கைக் கண்டபோது முதலில் நானே நம்பவில்லை. இருமுறை போட்டுப் பார்த்தேன்.

அண்ணன் இதற்கு மறுமொழி வைத்திருந்தார். அது வலிவுள்ள மறுமொழியே. “தம்பி, நீ தாளில் ஓட்டுகிறாய், நான் ரோட்டில் ஓட்டுகிறேன். சூளகிரிப் பக்கம் வலத்தடத்தை விடாமல் லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். இடம் கிடைத்த கணத்தில் முந்தாவிட்டால் பின்னால் வருகிறவன் முட்டுவான். அந்தக் கணத்துக்குத்தான் பவர்” என்றார். ஓட்டுபவர் அனைவரும் அறிந்த உண்மை இது. ஆகவே அந்தக் கணத்தையும் கணக்கிட்டேன். இருவர் அமர்ந்த அவருடைய வண்டி 60-இலிருந்து 90 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆறு விநாடியில் எழவேண்டுமாயின் சக்கரத்தில் ஏறக்குறைய ஐம்பத்தைந்து குதிரைச்சக்தி வேண்டும். ஐந்தே விநாடியில் எழவேண்டுமாயின் மேலும் ஒரு பத்து வேண்டும். இரண்டும் 114-க்குள் அடங்குவனவே.

அடங்கினும், அவர் குறை கூறியது பொய்யன்று. அவர் காலின்கீழ் வண்டி சோம்பியதை நானும் பக்கத்திலிருந்து கண்டிருக்கின்றேன். காரணம் வேறிடத்தில் இருந்தது. 114 என்பது யந்திரம் நிமிஷத்துக்கு 5000 சுற்று சுழலும்போது மட்டும் கிடைப்பது. 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 2000 முதல் 4000 சுற்று வரை உண்டு. கணக்கிட்டால் 4000 சுற்றில் 85 குதிரைச்சக்தியும், 2000 சுற்றில் 43 குதிரைச்சக்தியுமே உள்ளன. அலுவலிலிருந்து களைத்து வருபவர் மேல் கியரில் 2000 சுற்றுக்கும் கீழே வண்டியை விட்டுவிட்டு, லாரியைக் கண்டவுடன் மிதித்தால் டர்போ விழித்தெழவே நேரம் பிடிக்கும். உச்சியில் இருபத்தாறு குதிரைகளைக் கூட்டியதால் அடியில் உறங்கும் குதிரைகள் விழித்துக்கொள்ளா. ஒரு கியர் கீழே இறக்கினால் அவை விழிக்கும். அதற்குப் பட்டறைக்காரர்க்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

கோவையார் செய்த வேலையில் என் மனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. நெக்ஸானில் அப்போது அந்த யந்திரம் 110 குதிரைச்சக்தியும் 170 நியூட்டன் மீட்டரும் தந்தது. ஐந்து கியர் கொண்ட சிறு வண்டிக்கு அதை மாற்றியபோது குதிரைச்சக்தியை நான்கு கூட்டினர். முறுக்குவிசையையோ இருபது குறைத்தனர்! பந்தயக்காரர் குறைத்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா? இலேசான உடலும், முன்சக்கரங்களே இழுக்கும் அமைப்பும், அவ்வளவு முறுக்கை நாள்தோறும் தாங்க வேண்டிய கியர்ப் பெட்டியும் கிளட்சும் அவர்கள் கண்முன் நின்றிருக்கும் என்று யான் கருதுகின்றேன். வலியறிதல் என்று ஓர் அதிகாரத்துக்கே பெயருள்ள மொழியைப் பயில்பவனுக்கு, அந்த இருபது நியூட்டன் மீட்டர் பாடம் நடத்துவது போலத் தோன்றியது.

எம்மூரிலேயே இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. டி.வி.எஸ். நிறுவனத்தார் 2013-ஆம் ஆண்டில் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். அந்தக் கூட்டுறவிலிருந்து வந்த யந்திரத்தோடு அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்னும் மோட்டார் சைக்கிள் 2017 டிசம்பரில் ஓசூரிலிருந்து வெளிப்பட்டது. அதன் வன்மை 34 குதிரைச்சக்தி. 2020-இல் அதைத் திருத்தியபோது நான்கு ஓட்டுமுறைகளை வைத்தனர். பந்தயத்தளத்துக்கும் விரைவோட்டத்துக்கும் உரிய இரு முறைகளில் 34 முழுதும் கிடைக்கும். நகரத்துக்கும் மழைக்கும் உரிய முறைகளில் 25.8 மட்டுமே கிடைக்கும். விற்கும் பொருளின் வன்மையை விற்பவரே கால்பங்கு பூட்டிவைத்து, “நகரத்துக்கு இது போதும்” என்று கைப்பிடியிலேயே பொத்தான் வைத்துக் கொடுப்பதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இனி, அண்ணன் ஓட்டும் சாலையை நோக்குவோம். அத்திப்பள்ளியில் காலை எட்டு மணிக்கு நிற்பவர் அறிவர்: லாரிகளும் கம்பெனி பஸ்களும் டி.என். 70 எண்ணுடைய ஸ்கூட்டர்களும் கர்நாடகத்துக்குள் ஒரே நேரத்தில் புக முயலும். முதற்கியரில் நகர்தல், நிற்றல், மீண்டும் நகர்தல். வன்மையைக் கூட்டியவர், சறுக்காதிருத்தற்பொருட்டுக் கடினமான கிளட்சையும் பின்னர்ப் பொருத்த நேரிடும். அதை ஒரு மணி நேரத்தில் நூறுமுறை மிதித்த இடக்காலுக்கு 140 குதிரைகளால் யாது பயன்? ஊர்ந்து செல்லும் வண்டிக்குக் காற்றும் கிடையாது; மிகுதியான வெப்பம் யந்திரத்தின் மேலேயே தங்கும்.

கிருஷ்ணகிரிச் சாலையோ வேறு இயல்பினது. ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 880 மீட்டர் மேலே உள்ளது. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டரில் உள்ளது. ஐம்பது கிலோமீட்டருக்குள் சாலை தானே நம்மைக் கீழே இறக்குகின்றது. இறக்கத்தில் வன்மையைக் கேட்பார் இல்லை, பிரேக்கையே கேட்பர். 80-லிருந்து 120-க்கு வேகம் ஏறினால் எண் ஒன்றரை மடங்குதான் கூடும். நிறுத்தும்போது பிரேக்கு விழுங்க வேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்காகும். ரீமேப் செய்யும் பட்டறைக்காரர் யந்திரத்துக்குக் கட்டளை எழுதுவார். பிரேக்குக்கு யார் எழுதுவார்? பின்னிருக்கையில் அம்மா கண்ணயர்ந்திருக்கும்போது, முன்னால் ஒரு லாரி விளக்கின்றித் தடம் மாறினால், மூச்சுக்குள் முடிய வேண்டிய காரியம் அது. இந்த ஒன்றைச் சொன்னபோதுதான் அண்ணன் மறுமொழி கூறாதிருந்தார்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். வன்மையைக் கூட்டும் பலர் சைலன்ஸரையும் மாற்றித் தெருவையே எழுப்புகின்றனர். அகநானூற்றில் ஒரு தலைவன் வருகின்றான். சோலையில் துணையோடு தங்கிய வண்டுகள் அஞ்சுமே என்று, தன் தேரின் மணிகள் ஒலியாதபடி அவற்றின் நாவைக் கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துகின்றான். அவன் தேரும் விரைந்த தேர்தான். எங்கள் தெருவில் இரவு பதினொரு மணிக்கு வெடித்துச் செல்லும் வண்டிக்காரரை அப்பாடல் நடக்கும் வகுப்பில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

சட்டமும் இவ்வகையில் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தொழிற்சாலையார் குறித்த அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்துதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டில் வந்த திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறுமாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கின்றது. இரு மாநிலத்துப் போலீஸாரையும் நாள்தோறும் கடந்து செல்பவர் இதை மறத்தல் இயலாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இத்தகைய மாற்றத்தையே.

எனவே என் கணக்கு இவ்வாறு நிற்கின்றது. டன் ஒன்றுக்கு எண்பது குதிரைச்சக்தி இருப்பின் இச்சாலைகளில் எவர்க்கும் குறைவில்லை. நூற்றைத் தாண்டிச் சிறிது இருப்பின் ஓட்டுவதில் இன்பமும் உண்டு. அண்ணனின் வண்டி ஏறக்குறைய 110-இல் நிற்பது. அதற்கு மேற்போக விரும்புபவர் பிரேக்கு, டயர், கிளட்ச், குளிர்விப்பு இவை அனைத்தையும் உடன் உயர்த்த வேண்டும்; உயர்த்திய பின் அது நாள்தோறும் ஓட்டும் வண்டியாய் இராது. அவ்வளவு விருப்பமுடையார்க்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயத்தளங்கள் இருக்கின்றன. அங்கே எதிரே மாடு வாராது.

இக்கணக்கைத் தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “கையெழுத்து நன்றாயிருக்கிறது” என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரம் கழித்து நான்கு டயர்களையும், முன்சக்கரப் பிரேக் பேடுகளையும் புதியனவாக மாற்றிக்கொண்டு வந்தார். ரீமேப்புக்கென்று எடுத்துவைத்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே செலவாயிற்று. “அப்படியானால் 140?” என்று கேட்டேன். “கிறிஸ்துமஸுக்குப் பிறகு பார்ப்போம்” என்றார். கிறிஸ்துமஸும் கழிந்தது. பட்டறைக்காரர் எழுதித் தந்த விலைச்சீட்டு இன்னும் வண்டியின் முன்பெட்டியில்தான் இருக்கின்றது.