கேப்டன் லட்சுமியும் எங்க தெரு மலேயா தாத்தாவும்

2002 ஜூலையில் ஜனாதிபதி தேர்தல் நடந்தப்போ தென்காசி பக்கத்துல இருக்கிற எங்க ஊர் டீக்கடையில அப்துல் கலாம் பேச்சுதான். ராமேஸ்வரத்துக்காரர், விஞ்ஞானி, கேக்கணுமா? அவரை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்தினது கேப்டன் லட்சுமி சாகலை. அந்த அம்மாவும் சென்னையில பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்ச டாக்டர்ங்கிறது பெஞ்சுல இருந்தவங்க பேச்சுல வரவேயில்லை. ஓட்டு மதிப்பு எண்ணினப்போ கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அந்தத் தேர்தலுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1999ல, அவங்களை வச்சு ஒரு ஆவணப்படம் வந்திருந்தது. பேரு 'தி ஃபர்காட்டன் ஆர்மி', அதாவது மறக்கப்பட்ட படை. எடுத்தவர் கபீர் கான். பின்னாடி 'பஜ்ரங்கி பாய்ஜான்' எடுத்தாரே, அவரேதான். ஐ.என்.ஏ.வில் இருந்த ரெண்டு பேரை, லட்சுமி சாகலையும் குர்பக்ஷ் சிங் தில்லனையும், சிங்கப்பூர்ல இருந்து இம்பால் நோக்கி அந்தப் பழைய பாதையிலேயே திரும்ப கூட்டிக்கிட்டுப் போற படம். ரெண்டு பேருமே 1914ல பிறந்தவங்க. 1945ல செங்கோட்டையில வழக்கு நடந்ததே, அதுல நிறுத்தப்பட்ட மூணு பேர்ல தில்லன் ஒருத்தர். இது டெல்லி செங்கோட்டை, நம்ம பக்கத்து ஊர் செங்கோட்டை இல்ல. இன்னொருத்தர் பிரேம் சாகல், லட்சுமியோட கணவர்.

லட்சுமியோட அம்மா அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில இருந்தவங்க, 1952ல திண்டுக்கல் எம்.பி. மகள் 1940ல சிங்கப்பூர் போய் டாக்டரா இருந்தாங்க. 1943ல சுபாஷ் போஸ் வந்து பெண்களுக்குன்னு ஜான்சி ராணி படை தொடங்கினப்போ அதுக்குத் தலைவி ஆனாங்க. பர்மாவுல பிரிட்டிஷ்காரன் பிடிச்சு, 1946ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தான். அப்புறம் கான்பூர்ல வைத்தியம். பிரிவினை அகதிகள், 1971ல வங்காள அகதிகள், 1984ல போபால்னு எங்க தேவையோ அங்க போனாங்க. மார்க்சிஸ்ட் கட்சி சார்பா ராஜ்யசபா எம்.பி.யும் ஆனாங்க. தொண்ணூறு தாண்டியும் நோயாளிகளைப் பாத்தவங்க, 2012ல காலமானாங்க. உடம்பையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தாச்சு.

அரசியல்வாதி கேமரா முன்னாடி வந்தா ஓட்டுக்குத்தான்னு நாம பழகிட்டோம். ஆனா எண்பத்தஞ்சை ஒட்டின வயசுல, தோத்துப்போன ஒரு படையைப் பத்திப் பேசுறதுல என்ன ஓட்டு கிடைக்கும்? அங்க அவங்க உக்காந்திருக்கிறது ஒரு சாட்சியா. நானும் அங்க இருந்தேன், கண்ணால பாத்தேன்னு சொல்றதுக்கு.

சாட்சி எவ்வளவு பெரிய விஷயம்னு எங்க தெருவுக்குத் தெரியும்.

ஜான்சி ராணி படையில பெரும்பாலும் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க. இங்கிருந்து கங்காணி பின்னாடி போய், நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி, பினாங்குல இறங்கின குடும்பங்களோட பிள்ளைகள். அந்தப் படையிலயே பெரிய பொறுப்புல இருந்த ஜானகி தேவர் பின்னாடி ஜானகி ஆதி நாகப்பன்னு மலேசியாவுல செனட்டர் வரைக்கும் ஆனாங்க. பேர் தெரிஞ்சது இப்படிச் சிலருக்குத்தான். மத்தவங்க பால் வெட்டவே திரும்பிப் போனாங்க. ஆம்பளைங்கள்ல சிலர் ஊர் வந்து சேர்ந்தாங்க.

அப்படி வந்தவர்தான் எங்க மலேயா தாத்தா. கார், பிசானம்னு ரெண்டு பூவும் அடுத்தவர் வயல்ல கூலிக்கு நின்னவர். 1972ல மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு பென்ஷன் கொண்டுவந்தது. ஐ.என்.ஏ. ஆட்களும் அதுல உண்டு. ஆனா ஜெயில்ல இருந்ததுக்கு சான்று வேணும், இல்லேன்னா கூட இருந்த கைதி எழுதித் தரணும். தாத்தாகிட்ட காகிதம் இல்ல. கூட இருந்தவர்கள் எந்த ஊரு, உயிரோட இருக்காங்களான்னே தெரியாது. மூணு தடவை மனு கொடுத்தார். ஒரு ஆபீஸ்ல, "நீர் போனதுக்கு என்னவே அத்தாட்சி?"ன்னு கேட்டிருக்காங்க. அதுக்கப்புறம் அவர் போகல. பென்ஷன் வாங்காமலே போய்ச் சேந்தார்.

போன வருஷம் அவர் மகளை, எங்களுக்கு ஆச்சி முறை, பேசவச்சு போன்ல பதிவு பண்ணினேன். ஆச்சிக்கு இப்ப எழுபத்தெட்டு. பட்டாளக் கதை ஒண்ணும் அவங்களுக்குத் தெரியல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "ஐயா ராத்திரி தூக்கத்துல வேற பாஷையில கத்துவாவ. வெறப்பா எந்திரிச்சு உக்காருவாவ. காலையில கேட்டா, ஒண்ணுமில்ல பிள்ளேன்னு மம்பட்டியத் தூக்கிட்டு வயலுக்குப் போயிருவாவ."

ஐ.என்.ஏ.வில் கவாத்து உத்தரவெல்லாம் இந்துஸ்தானியில்தான். தென்காசி தாண்டி தமிழ் தவிர வேற பள்ளிக்கூடம் பாக்காத மனுஷன் தூக்கத்துல கத்தினது என்னவா இருக்கும்னு உங்களுக்கே புரியும். ஆபீஸ்ல கேட்ட அத்தாட்சி அந்த வீட்டுக்குள்ளயே தினம் ராத்திரி இருந்திருக்கு. எழுதி வைக்கத்தான் ஆள் இல்ல.

குற்றாலத்துல குளிச்சிட்டு செங்கோட்டை வரைக்கும் போறவங்க வாஞ்சிநாதன் மணிமண்டபத்தைப் பாத்திருப்பீங்க. 1911ல மணியாச்சியில ஆஷைச் சுட்டவர். அவருக்கு மண்டபமும் ஸ்டேஷன் பேரும் இருக்கிறது சரிதான், இருக்கணும். லட்சுமி அம்மாவுக்கு ஒரு படமாவது இருக்கு. பேர் இல்லாதவங்களைத் தேடி கேமரா வராது.

சீசனுக்கு வர்ற உங்கள்ல பாதிப் பேருக்கு இந்தப் பக்கம்தான் பூர்வீகம். மலேயா போனவர், பர்மாவுல இருந்து நடந்தே வந்தவர் யாராவது ஒருத்தர் குடும்பத்துல இருப்பார். அவர் போயிருப்பார்; அவரைப் பாத்தவங்க இன்னும் இருக்காங்க. அருவியில ஒரு வீடியோ எடுக்குற நேரத்துல, திண்ணையில இருக்கிற ஆச்சி பக்கம் போனைத் திருப்புங்க. தேதி, வருஷம் கேக்காதீங்க, அது அவங்களுக்கு நிக்காது. ராத்திரி தூக்கத்துல என்ன பேசுவார்னு கேளுங்க.