கண்மாய் அழியும் நாள்

மீனைக் கொடியில் வைத்து ஆண்ட பாண்டியர்களின் தலைநகரில், மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தில் மட்டும் மீன் கிடையாது. நாரை ஒன்று சிவனிடம் கேட்டு வாங்கிய வரம் அது என்கிறது திருவிளையாடல் கதை. கோயில் மதிலைத் தாண்டிவிட்டால் அந்த வரம் செல்லாது. அயிரை மீன் குழம்புக்கு என்றே மதுரைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த அயிரையும் விராலும் குரவையும் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க, மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏற வேண்டும்.

ஒத்தக்கடையில் யானைமலையைக் கடந்ததும் சாலைக்கு இரண்டு பக்கமும் வயலும் கண்மாயுமாக விரியும். மேலூர் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றுக்கும் பெரியாறு கால்வாய்த் தண்ணீர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழை, 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து இந்த மடைகளுக்கு வருகிறது. தண்ணீரோடு மீனும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடைகள் பெருகும்போது, மீன்கள் எதிர்நீச்சல் போட்டு வயல் வாய்க்கால் வரை ஏறும்.

அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். இதைத்தான் 'கண்மாயை அழிக்கிறது' என்கிறார்கள். புதிதாகக் கேட்பவருக்குத் திக்கென்று இருக்கும். அழிவது கண்மாய் அல்ல, அதுவரை மீனுக்கு இருந்த காவல். முன்பு தண்டோரா போட்டுச் சொன்ன சேதி இப்போது வாட்ஸ்அப்பில் போகிறது. அதனால் சிவகங்கை, திண்டுக்கல் பக்கமிருந்தெல்லாம் விடியும் முன்பே டூ வீலரிலும் மினி வேனிலும் ஆட்கள் வந்து கரையில் நிற்கிறார்கள். சாமி கும்பிட்டு, பெரியவர் ஒருவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசும் வரை யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. துண்டு அசைந்ததும் ஆயிரம் கால்கள் ஒன்றாக இறங்கும். அப்புறம் தண்ணீர் ஏது, சேறு ஏது!

வலையும் கூடையும் பழைய சேலையும் நிறைய இருந்தாலும், பார்க்க வேண்டியது ஊத்தாக்காரரைத்தான். ஊத்தா என்பது மூங்கில் குச்சிகளால் பின்னிய, அடிப்பக்கம் அகன்று தலைப்பக்கம் குறுகிய கூண்டு. இரண்டு பக்கமும் திறந்திருக்கும். நடந்துகொண்டே கலங்கல் தண்ணீரில் அதைக் குத்தி நிறுத்துவார். உள்ளே மீன் இருந்தால் குச்சியில் முட்டும். அந்த முட்டல் கைக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததும் மேல் வாயில் கையை விட்டு, சேற்றோடு அமுக்கி, செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்குவார். விரால் வழுக்கும். கெளுத்தியானால் இன்னும் சங்கடம். அதன் முள் குத்தினால் அன்றைய மீன்பிடி அதோடு முடிந்தது. எந்த மீன் முட்டுகிறது என்பதை முட்டலிலேயே கண்டுபிடிக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள்.

நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிப்பவர்கள், தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப் பூச்சி செய்து தண்ணீர்மேல் வீசுவார்கள். நுணுக்கமான வேலைதான். ஆனால் அந்த மீன் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் வைத்து வளர்த்தார்கள். குளிர்ந்த ஓட்டத் தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. மேலூர் வெயிலை அது தாங்குமா? நம் விராலும் குரவையும் தலையை வெளியே நீட்டிக் காற்றை உறிஞ்சுகிற சாதி. தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து சில காலம் தாக்குப்பிடிக்கும்.

அப்படித் தாக்குப்பிடித்த மீனே இப்போது ஊத்தாவில் குறைவாக விழுகிறது. ஊர்க்காரர் கூடைகளை எட்டிப் பார்த்தால், குஞ்சு வாங்கி விட்ட கட்லாவும் ரோகுவும் பாதி. மீதியில் பெரும்பங்கு ஜிலேபிக் கெண்டை. 1952-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் அது. தாய் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதாலும், வருடத்தில் பல தடவை இனம் பெருக்குவதாலும் ஒரு தடவை கண்மாய்க்குள் புகுந்துவிட்டால் எடுக்க முடியாது. வளர்க்கவே தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். வாய்க்குள் அடங்குகிற எதையும் விடாது. அயிரைக்கு வேறு கஷ்டம். விரல் நீளமே உள்ள அந்த மீன் மணலுக்குள் ஒளிந்து வாழ்வது. ஆற்றிலும் ஓடையிலும் மணல் போன இடத்தில் அதற்கு வீடு இல்லை.

இன்னொரு சிக்கல் மீன்பாசிக் குத்தகை. ஏலம் எடுத்தவர் பணம் போட்டவர், அவர் அவசரம் அவருக்கு. தண்ணீர் வடிந்தால் மீனை அள்ளுவது எளிது. கடைமடையில் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் மடை திறந்து கிடந்தால் ஆயக்கட்டுக்காரர் சும்மா இருப்பாரா? இந்தச் சண்டை வேண்டாம் என்றே, ஏலப் பணத்தை விட்டுக்கொடுத்து, கண்மாயை ஊருக்கே பொதுவாக வைத்திருக்கும் கிராமங்கள் உண்டு. அங்கே அழிகண்மாய் மீனை விற்பதில்லை. பிடித்தது குழம்புக்கு, மிஞ்சியது சம்பந்தி வீட்டுக்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மீன் போகாவிட்டால் அது ஒரு மனக்குறையாகவே நிற்கும்.

பத்து மணிக்குள் கூட்டம் கலைந்துவிடும். கரையெல்லாம் சேற்றுக் கால்தடம். விவரம் தெரிந்த ஊர்களில் மடைக்குப் பக்கத்துக் குட்டத்தில் மட்டும் யாரையும் இறங்க விடுவதில்லை. கொசுவலை கொண்டு அரிக்கவும் விடுவதில்லை. கொசுவலையில் குஞ்சும் முட்டையும் சேர்ந்தே வந்துவிடும் என்று நீர்பாய்ச்சி அங்கேயே கம்போடு உட்கார்ந்திருப்பார். சிலர் முணுமுணுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

அந்தக் குட்டத்தில் தங்கிய விரால்தான் அடுத்த மழைக்குக் கோரைப் புல் ஓரமாக முட்டையிடும். செக்கச்செவேல் என்று பந்தாகத் திரியும் பார்ப்புகளுக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் சுற்றும். அந்த நேரத்தில் தூண்டிலோடு போகிற பையன்களை, கரையில் மாடு மேய்ப்பவர்களே விரட்டிவிடுகிறார்கள்.