கருமணி

1995ஆம் ஆண்டு நான் டுபாயில் தொழில் புரிந்துகொண்டிருந்தேன். ஊரில் பிறந்த மகளை அதுவரை கண்டதில்லை. கண்ணேறு படாதிருக்க அவள் கையில் கருமணி கட்டியிருப்பதாக மனைவி எழுதியிருந்தாள். கண்ணாடி மணிக்குப் பதிலாக நல்லதொரு கறுப்பு இரத்தினம் அனுப்ப விரும்பி, டெய்ரா கடைத்தெருவுக்குச் சென்றேன்.

முதிய கடைக்காரர் ஒருவர், செங்கடற் கரும்பவளத்தில் வெள்ளி பதித்த தஸ்பீஹ் மாலையைக் காட்டினார். அரபு மக்கள் அப்பவளத்தை ‘யுஸ்ர்’ என்பர். அச்சொல்லுக்கு ‘இலகு’ என்றும் பொருளுண்டு. அதன் விலையோ எனக்கு இலகுவாயில்லை.

அடுத்து, பளபளத்த ஓனிக்ஸ் கல்லொன்றை எடுத்தேன். சந்தைக்கு வரும் கறுப்பு ஓனிக்ஸ் பெரும்பாலும் சாயமேற்றிய அகேட் கல்லே என்றார் அவர். சீனிக் கரைசலில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் இடுவார்களாம். கல்லினுள் புகுந்த சீனி கரியாகிக் கறுக்குமாம். அவரது நேர்மைக்கு நன்றி கூறி, வெறுங்கையுடன் திரும்பினேன்.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே இடம்பெயர்ந்தது. பிள்ளையைச் சுமந்தபடி மனைவி தென்மராட்சிக்கு நடந்தாள். இரண்டு மாதங்களின் பின்பே கடிதம் கிடைத்தது. சங்கிலியையும் காப்பையும் விற்று அரிசி வாங்கியதாகவும், கருமணியை எவரும் விலைக்குக் கேட்காததால் அது பிள்ளையின் கையிலேயே இருப்பதாகவும் எழுதியிருந்தாள்.

இன்று, புலம்பெயர்ந்த இந்நாட்டில், என் மகள் அம்மணிகளைப் புதுநூலிற் கோத்துத் தன் குழந்தைக்குக் கட்டியிருக்கிறாள். உங்கள் இல்லங்களிலும் இவ்வாறு எஞ்சிய பொருளொன்று இருக்கக்கூடும். அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.