'எல்' போர்டு லாரி

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், போரூரைத் தாண்டினால் ஐயப்பன்தாங்கல். 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. இன்று அங்கே அலை மோதுபவை வண்டிகள்தாம்! பஸ் டெப்போவைக் கடந்து செல்லும் வண்டிகளுக்கிடையே, 'எல்' எழுத்தைச் சுமந்த லாரி ஒன்று தயங்கித் தயங்கி வந்தால், நேயர்களே, முகம் சுளிக்காதீர்கள்.

அந்த ஆசனத்தில் அமர்வது எளிதல்ல. முதலில் கார் லைசென்ஸ். அதன்பின் ஓராண்டாவது பொறுக்க வேண்டும். வயது 20 ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட்டும் உண்டு. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென 2021-இல் வகுத்த பாடத்திட்டத்தில், கனரக வண்டிக்கு 38 மணி நேரப் பயிற்சி.

எஞ்சினைக் கிளப்பியதும் ஓடிவிட முடியுமா? பிரேக்குக்குக் காற்றழுத்தம் சேரும்வரை காத்திருக்க வேண்டும். பால் பொங்கக் காத்திருப்பது போலத்தான்! திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். காய்கறிப் பையுடன் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் உங்களை டிரைவர் பார்க்க முடியாமலே போகலாம். கண்ணுக்குத் தெரியாதவரையும் எண்ணி ஓட்டுவதுதான் அவர் கற்கும் பெரிய பாடம். நாமும் நாலடி விலகி நிற்போமே!

ஆண்களின் தொழில் என்கிறீர்களா? போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவரை இழந்தபின், குழந்தைகளை வளர்க்க லாரி ஓட்டத் தொடங்கி, மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டு சென்றார்.

நாளை உங்கள் மகள், "அம்மா, நான் லாரி பழகப் போகிறேன்" என்றால் சிரித்துவிடாதீர்கள். முதலில் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்!