மருந்தாளர் ஐயா

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலோரப் புகைவண்டிப் பாதைக்கும் இடையே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எமது அயலவராக வாழ்ந்த பெரியவர், தமது 89ஆவது வயதில், 2023இல் காலமானார். விளம்பரத்தை விரும்பாதவர், ஆகவே ஊரார் அழைத்தவாறு மருந்தாளர் ஐயா என்றே நாமும் குறிப்பிடுகிறோம். 'இளைப்பாறிய மருந்தாளர், அன்புக் கணவர், பாசமிகு தந்தை' என்று மரண அறிவித்தல் அவரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதில் பொய் இல்லை. ஆனால் மருந்தாளரும் தந்தையும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட காலம் ஒன்று அவ்வாழ்க்கையில் உண்டு. அதை எழுதாமல் அவரைப் புகழ்வது முறையாகாது.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் உத்தியோகம் ஏற்றவர் அவர். அக்காலத்து மருந்துச்சாலை இன்றைய பாமசி போன்றதன்று. நோயாளியே வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுவர வேண்டும். அதில் மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரியும்படி ஓரத்தில் பல் வெட்டிய கடதாசித் துண்டொன்றை ஒட்டிக் கொடுப்பார்கள். பொடியைக் கல்வத்தில் அரைக்க வேண்டும். களிம்பைப் பளிங்குப் பலகையில் குழைக்க வேண்டும். அளவெல்லாம் கிரெயினும் அவுன்சுமே. கை சற்றே தவறினால் ஓர் உயிர் போய்விடும் வேலை அது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், அந்தக் கைக்குச் சிங்களத்தில் பரீட்சை எழுதினால்தான் சம்பள உயர்வு என்றாயிற்று. நோயாளிகளிடம் அம்மொழியை நன்றாகவே பேசிவந்தவர். கட்டளையாக வந்தபோதோ கசந்தது என்பார்.

மூன்று பிள்ளைகள். அரசாங்கச் சம்பளம் மாதத்தின் இருபதாம் தேதியைத் தாண்டுவதில்லை. எனவே மாலை வேளைகளில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பாமசியில் வேலை பார்த்தார். துறைமுகத்தில் மூட்டை சுமப்போரும், செட்டியார் தெருப் பட்டறைச் சிப்பந்திகளும், ஜம்பட்டா வீதியின் பின்புற முடுக்குகளில் குடியிருப்போரும் அங்கே வருவார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்த கூட்டம். எழுத்தறியாதவர்களுக்காகக் குளிசை உறையின்மேல் எழுகின்ற சூரியன், உச்சிச் சூரியன், பிறை என மூன்று படங்களை வரைந்து, அவற்றின் கீழே குளிசையின் எண்ணிக்கைக்கேற்பப் புள்ளி வைத்துக் கொடுப்பார். அந்த உறைகள் சிலவற்றை நாமே பார்த்திருக்கிறோம்.

1971இல் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும், வைத்தியரும் பொதுவுடைமை இயக்கத் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அளித்தனர். ஒரே மருந்து பத்துக் கம்பனிகளின் பத்துப் பெயர்களில் பத்து விலைக்கு இந்நாட்டில் ஏன் விற்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வியின் சாரம். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். உலகச் சந்தையில் விலை கேட்டு மொத்தமாக வாங்குவது, கம்பனிப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வழங்குவது என்பன அதன் வழிகள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த மருந்து வகைகள் அறுநூறு அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல்தான். அவ்வாண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார்.

அறிக்கை மேலிடத்தில் எழுதப்படுகிறது. ஆனால் பணம் கொடுத்து மருந்து வாங்கும் கடைப் பலகையில் ஒருவர் வாய் திறந்து சொன்னாலன்றி அது கூலியாளின் மடிக்கு வந்து சேராது. மருந்தாளர் ஐயா வாய் திறந்தார். கம்பனிப் பெயர் எழுதிய துண்டோடு வருபவரிடம், "இதே மருந்து வேறு பெயரில், குறைந்த விலைக்கு இருக்கிறது, உங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்" என்பார். பொதுப்பெயர் மருந்து மட்டமானது என்ற பேச்சு அன்று பலமாக அடிபட்டது. அதையும் அவர் அலட்சியம் செய்யவில்லை. உதிர்ந்தோ நிறம் மாறியோ வந்த குளிசைகளை ஒதுக்கிவைத்து மேலிடத்துக்கு அறிவித்தார். கண்மூடித்தனமான பக்தி எந்தக் கொள்கையிலும் அவருக்கு இருந்ததாக நாம் அறியோம்.

கடை முதலாளிக்கோ பழைய சரக்கு தேங்கிற்று. இரண்டு முறை எச்சரித்தார். மூன்றாம் முறை கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். அது 1974, பாணுக்கு மக்கள் விடியுமுன் வரிசையில் நின்ற காலம். மூத்த மகளின் படிப்புச் செலவுக்கு அம்மையாரின் சங்கிலி செட்டியார் தெருவில் அடகுக்குப் போயிற்று. அயலாரின் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்து அவர் ஈட்டிய காசில்தான் அவ்வாண்டு அடுப்பு எரிந்தது. "இஞ்சேருங்கோ, உங்கட நியாயம் அடுப்பில வேகுமோ?" என்று அவர் கேட்டது மதிலுக்கு இப்பால் எமக்கும் கேட்டது. இத்தகைய மனிதர்களைப் பாராட்டும் எமது முற்போக்கு எழுத்துக்களில் அந்தத் தையல் இயந்திரத்துக்கு இடம் கிடைப்பது அரிது. நேர்மை அவருடையது, அதன் செலவைக் கட்டியவர் அம்மையார். ஐயா அதை அறிந்திருந்தார். இளைப்பாறும்வரை இரவு உணவுக்குப்பின் பாத்திரங்களைக் கழுவியவர் அவரே. அந்நாளில் எமது ஒழுங்கையில் அது நகைப்புக்கிடமான செய்தி.

1977இல் ஆட்சி மாறியபின் கூட்டுத்தாபனத்தின் பிடி தளர்ந்தது. 1983 யூலையில் காலி வீதிக் கடைகள் எரிந்தபோது, சிங்கள அயலவர் ஒருவர் அக்குடும்பத்தை இரண்டு இரவுகள் தம் வீட்டில் மறைத்துவைத்தார். பின்னர் இரத்மலானை விமானத்தள முகாமில், தாமும் ஓர் அகதியாக இருந்துகொண்டே, காய்ச்சற்காரருக்கு மருந்து பிரித்துக் கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடல் கடந்தனர். அவரும் அம்மையாரும் போகவில்லை.

2022இல் அந்நியச் செலாவணி வற்றி நாடு கடனைக் கட்ட முடியாது நின்றபோது, மருந்துக்குப் பெருமளவு இறக்குமதியையே நம்பியிருந்த ஆஸ்பத்திரிகள் தட்டுப்பாட்டில் திணறின. அவருடைய இரத்த அழுத்தக் குளிசையும் கிடைக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து மகள் மூன்று மாதத்துக்குப் போதுமானதை அனுப்பிவைத்தார். கொட்டாஞ்சேனையில் பழைய வாடிக்கையாளரான மூதாட்டி ஒருவர் அதே மருந்தை அதே அளவில் எடுத்துவந்தவர். அவருக்கும் கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. வைத்தியரின் துண்டைக் கொண்டுவரச் செய்து, பெயரையும் அளவையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தபின், சரிபாதியை எண்ணிக் கொடுத்தனுப்பினார். பிள்ளை தகப்பனுக்கென்று அனுப்பியதைப் பங்குபோட இவர் யார் என்பது அம்மையாரின் கேள்வி. அன்றிரவு இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று அம்மையாரே பின்னர் எமக்குச் சொன்னார்.